விடுமுறை ஆட்டக்காரருக்கான கோல்ஃப் மைதானம்: ஒரு வடிவமைப்பு மரபின் வரலாறு

விடுமுறை விடுதிகளோடு இணைந்த கோல்ஃப் மைதானங்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஆண்டில் சில நாட்களே மட்டையைத் தொடுபவர்கள். பந்து அவர்கள் நினைத்த திசையில் போவதும் உண்டு, போகாததும் உண்டு. இத்தகையவரின் தவறான அடிகளைப் பொறுத்துக்கொண்டு, அவர் கொண்டுவந்த பந்தோடு ஆட்டத்தை முடித்துத் திரும்பும்படி மைதானத்தை அமைப்பது கோல்ஃப் வடிவமைப்பில் ஒரு தனி மரபு. இது ஸ்காட்லாந்தின் கடற்கரைப் புல்வெளிகளில் இயல்பாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் பெரிதும் கைவிடப்பட்டது. 1999-க்குப் பின் அங்கேயே மீண்டும் எழுந்தது. அப்படி மீட்டவர்களில் ஒருவரான டேவிட் மெக்லே கிட், நடுவில் தாமே அதை மறந்து கடினமான மைதானங்களை அமைத்தவர் என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

குழிப்பந்தாட்டம் என்று தமிழில் வழங்கும் இந்த விளையாட்டின் முழு மைதானத்தில் 18 குழிகள் உண்டு. குழி என்பது பந்து விழும் சிறு துளையை மட்டுமன்றி, அதற்குச் செல்லும் முழு ஆடுபாதையையும் குறிக்கும். ஆட்டம் தொடங்கும் மேடை டீ. அங்கிருந்து நீளும், ஒட்ட வெட்டிய புல்வெளி ஃபேர்வே. அதன் இருபுறமும் உயரமாக வளரவிட்ட புல் ரஃப். துளை இருக்கும் வழவழப்பான பரப்பு கிரீன். இடையிடையே அமைந்த மணற்பள்ளங்கள் பங்கர்கள். குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்வார். காணாமல் போன பந்தைத் தேட முன்பு 5 நிமிடமும், 2019 முதல் 3 நிமிடமும் விதி அனுமதிக்கிறது. அதற்குள் கிடைக்காவிட்டால், அபராதமாக ஓர் அடி சேர்வதோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிச் சென்று மறுபடி அடிக்க வேண்டும். புதியவரை மைதானத்தை விட்டே விரட்டுவது பெரும்பாலும் இந்த விதிதான்.

பழைய மைதானம்

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் பழைய மைதானத்தை எந்தத் தனி மனிதரும் வடிவமைக்கவில்லை. கடலுக்கும் ஊருக்கும் இடையிலான மணற்பாங்கான நிலத்தில் ஆடுகள் மேய்ந்தன, மனிதர் ஆடினர், காற்று பள்ளங்களைப் பறித்தது. 22 ஆக இருந்த குழிகளின் எண்ணிக்கை 1764-இல் 18 ஆனது. உலகம் முழுவதும் இன்று 18 குழிகள் ஆடப்படுவதற்கு அந்த ஓர் ஊரின் ஏற்பாடே வேர்.

முதலில் ஒரே குறுகிய பாதையில் போய், அதே பாதையில் திரும்பி வந்தார்கள். ஆட வருவோர் பெருகியதும் எதிரெதிரே வருவோர் மோதிக்கொள்ளாமல் இருக்கப் பாதை அகலப்படுத்தப்பட்டது. ஒரே கிரீனில் இரண்டு துளைகள் வெட்டப்பட்டன. இப்படி உருவான இரட்டை கிரீன்கள் ஏழு இன்றும் உள்ளன. முதல் குழியும் பதினெட்டாம் குழியும் பகிர்ந்துகொள்ளும் ஃபேர்வே சுமார் 130 கெஜம் அகலமுடையது. குறி தவறுவது கடினம் என்று சொல்லும் அளவுக்கு விரிந்த வெளி அது.

ஆனால் இந்த அகலம் ஆட்டத்தைச் சப்பென்று ஆக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பங்கர்கள் அந்த வெளியில் சிதறிக் கிடக்கின்றன. எந்தப் பக்கம் பந்தைப் போட்டாலும் அடுத்த அடி உண்டு. எனினும் சரியான பக்கம் போட்டவருக்கே அது எளிதான அடி. ஆபத்துக்கு அருகே துணிந்து அடித்தவருக்கு நேரான வழி திறக்கும். ஒதுங்கிப் போனவருக்குச் சுற்றுவழி, ஓரிரு அடிகள் கூடுதல், ஆனால் பந்து கையில் இருக்கும். வல்லவரும் வலுவற்றவரும் ஒரே புல்லில் வெவ்வேறு ஆட்டம் ஆட முடிந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். பிற்கால வடிவமைப்பாளர்கள் இதைத் தந்திர நெறி என்றும், தவறிய அடி ஒவ்வொன்றையும் தண்டிப்பதைத் தண்டனை நெறி என்றும் பிரித்தனர்.

பைன்ஹர்ஸ்ட், மெக்கன்சி, அகஸ்டா

அமெரிக்காவில் விடுதிக் கோல்ஃபின் தொட்டில் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட். சோடா பான இயந்திரங்களால் செல்வம் ஈட்டிய பாஸ்டன்காரரான ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ், 1895-இல் மரம் வெட்டித் தீர்ந்த மணற்காட்டை வாங்கி, உடல்நலம் தேறுவோருக்கான ஊர் ஒன்றை எழுப்பினார். கோல்ஃப் அவர் திட்டத்திலேயே இல்லை. விருந்தினர் சிலர் பால்பண்ணை மேய்ச்சலில் பந்தடித்து மாடுகளைத் தொந்தரவு செய்ததால்தான் மைதானம் போடப்பட்டது என்ற கதை அங்கு இன்றும் சொல்லப்படுகிறது. 1900-இல் அங்கு வந்து சேர்ந்த டொனால்ட் ராஸ், ஸ்காட்லாந்தின் டோர்னாக் ஊரைச் சேர்ந்தவர்; செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்டு டாம் மாரிஸிடம் தொழில் பழகியவர். 1907-இல் திறக்கப்பட்ட அவருடைய இரண்டாம் எண் மைதானம் பின்னாளில் அமெரிக்க ஓப்பன் போட்டிகள் நடக்கும் களமாயிற்று. கவிழ்த்த தட்டைப் போன்ற அதன் கிரீன்கள் உலகின் முதல்தர வீரர்களையே திணறடிப்பவை. அதே மைதானத்தில் எழுபது வயது விருந்தினர் ஒருவர் பந்தைத் தரையோடு உருட்டிக்கொண்டே ஒரே பந்தில் 18 குழிகளையும் முடித்துவிடலாம். தாண்டியே தீரவேண்டிய நீர்நிலை என்று அங்கு ஏறக்குறைய எதுவும் இல்லை.

இந்தச் சிந்தனையைக் கோட்பாடாக எழுதியவர் அலிஸ்டர் மெக்கன்சி. இவர் மருத்துவர். தென்னாப்பிரிக்கப் போரில் பணியாற்றியபோது போயர்கள் நிலத்தோடு நிலமாக மறைந்து போரிட்ட உருமறைப்பைக் கூர்ந்து கவனித்தார். இயற்கையோடு கலந்து நிற்கும் பங்கர்களை அமைக்க அந்த அறிவு பின்னர் அவருக்குப் பயன்பட்டது. 1920-இல் வெளியான நூலில் அவர் 13 நெறிகளை வகுத்தார். பந்தைத் தேடி அலையும் எரிச்சலே மைதானத்தில் இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. வலுவற்ற ஆட்டக்காரருக்கு, ஓரடி இழந்தாவது போய்ச்சேர ஒரு மாற்றுவழி எப்போதும் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மருத்துவர் என்ற முறையில், விளையாட்டும் திறந்தவெளியும் மக்களின் உடல்நலத்துக்குத் தேவை என்று அவர் உறுதியாக நம்பினார். இந்த நெறிகளுக்கு அடியில் அந்த நம்பிக்கையும் இருக்கிறது.

மெக்கன்சியும் பாபி ஜோன்ஸும் இணைந்து அமைத்த அகஸ்டா நேஷனல் மைதானம் 1933 ஜனவரியில் முறையாகத் திறக்கப்பட்டது. இளம் வயதில் பழைய மைதானத்தை வெறுத்து, 1921 ஓப்பன் போட்டியில் பாதியிலேயே விலகியவர் ஜோன்ஸ். பின்னர் அதையே உலகின் தலைசிறந்த களமாகக் கொண்டாடினார். அகஸ்டாவில் தொடக்கத்தில் பங்கர்கள் 22 மட்டுமே. ரஃப் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஃபேர்வேக்கள் மிக அகலமானவை. சராசரி உறுப்பினர் மகிழ்ச்சியாக ஆட வேண்டும், முதல்தர வீரர் யோசித்து ஆட வேண்டும் என்பதே இருவரின் நோக்கம். மாஸ்டர்ஸ் போட்டியின் களமாக வளர்ந்த இன்றைய அகஸ்டாவில் பங்கர்கள் நாற்பதுக்கும் மேல். முதல் போட்டி 1934 மார்ச்சில் நடந்தபோது மெக்கன்சி உயிரோடு இல்லை.

கடினம் பெருமையான காலம்

தண்டனை நெறிக்கும் நீண்ட மரபு உண்டு. பென்சில்வேனியாவில் 1903-இல் ஃபவுன்ஸ் குடும்பத்தார் தொடங்கிய ஓக்மான்ட் மைதானத்தில் ஒரு காலத்தில் பங்கர்களின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. மணலில் உழுசால் போல் வரிவரியாகக் கீறிவைத்தார்கள், பந்து எளிதில் வெளியே வரக் கூடாது என்பதற்காக. ஆனால் ஓக்மான்ட் தன் உறுப்பினருக்கான தனிச் சங்கம். கடினத்தை விரும்பியவர்களே அங்கு சேர்ந்தார்கள். அந்தக் கடினம் காசு கொடுத்து ஓய்வெடுக்க வந்தவர் மேல் ஏற்றப்பட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

1951 அமெரிக்க ஓப்பனுக்காக ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் திருத்தியமைத்த ஓக்லண்ட் ஹில்ஸ், வென்ற பென் ஹோகனே அரக்கன் என்று அழைக்கும் அளவுக்குக் கொடியதாக இருந்தது. அதனால் வடிவமைப்பாளரின் புகழ் குறையவில்லை, ஏறியது. தொலைக்காட்சி வந்தபின், போட்டிகளில் பார்த்த காட்சிகளைத் தம் விடுதியிலும் வைக்க முதலாளிகள் விரும்பினர். நில வணிகமும் சேர்ந்துகொண்டது. ஃபேர்வேயை ஒட்டிய மனைகளுக்கு நல்ல விலை கிடைத்ததால் ஆடுபாதைகள் இருபுறமும் வீடுகளுக்கிடையே நெருக்கப்பட்டன. ஃபுளோரிடா போன்ற தாழ்நிலங்களில் மனைகளை மேடாக்க மண் தோண்டியதால் குளங்கள் உருவாகி, அவை ஆட்டத்தின் தடைகளாக மாறின. அந்தக் குளங்களில் பல ஆட்டத்தின் தேவைக்காக அல்ல, மண்ணின் தேவைக்காக வெட்டப்பட்டவை.

1980-இல் திறந்த சாக்ராஸ் மைதானத்தின் பதினேழாம் குழியும் ஏறத்தாழ இதே வழியில் பிறந்தது. வடிவமைப்பாளர் பீட் டை, நல்ல மணல் கிடைத்த இடத்தைத் தோண்டத் தோண்ட, கிரீனுக்கான இடத்தைச் சுற்றிப் பெரும்பள்ளம் விழுந்தது. அதை நீரால் நிரப்பி கிரீனைத் தீவாக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் அவருடைய மனைவி ஆலிஸ் டை. 137 கெஜத் தொலைவுதான். ஆனால் பந்து ஒன்று புல்லில் விழ வேண்டும், இல்லாவிட்டால் நீரில்.

பீட் டையின் அடுத்த பெரும்பணி, கலிஃபோர்னியாவின் லா குவின்டாவில் 1986-இல் திறந்த பிஜிஏ வெஸ்ட் ஸ்டேடியம் மைதானம். இதை உலகின் மிகக் கடினமான மைதானமாக அமைக்கும்படி முதலாளிகளே கேட்டார்கள். அதன் பதினாறாம் குழியில் 19 அடி ஆழப் பங்கர் ஒன்று உள்ளது. 1987 ஜனவரியில் அங்கு நடந்த பாப் ஹோப் போட்டியில் பிரபலங்களும் கலந்து ஆடினர். அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் டிப் ஓநீல் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டார். அடித்து அடித்துப் பார்த்தும் முடியாமல், கடைசியில் பந்தைக் கையால் எடுத்து மேலே எறிந்தார். தொழில்முறை வீரர்களுக்கும் அது பிடிக்கவில்லை. அவர்கள் மனு எழுதிக் கொடுத்து அந்த மைதானத்தைப் போட்டியிலிருந்து நீக்கச் செய்தனர். அது திரும்பச் சேர்க்கப்பட்டது 2016-இல்தான். விந்தை என்னவென்றால், இந்தக் கெட்ட பெயரே நல்ல விளம்பரமாயிற்று.

அதே 1980-களில் பரவிய சாய்வு மதிப்பீடும் எதிர்பாராத வகையில் இந்தப் போக்குக்குத் துணைபோனது. முதல்தர ஆட்டக்காரரை விடச் சராசரி ஆட்டக்காரர் ஒரு மைதானத்தில் எவ்வளவு கூடுதலாகத் திணறுவார் என்பதைக் காட்டும் எண் இது. 55 முதல் 155 வரை செல்லும், 113 நடுநிலை. திறன் வேறுபட்டவர்கள் நியாயமாகப் போட்டியிட வேண்டும் என்பதற்காக உருவான கணக்கு. ஆனால் உயர்ந்த எண்ணைப் பல மைதானங்கள் பதக்கம் போலக் காட்டிக்கொண்டன. சாதாரண ஆட்டக்காரர் இங்கே துன்பப்படுவார் என்று அறிவிக்கும் எண் அது என்பதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஆலிஸ் டையும் முன்னே வந்த டீக்களும்

தீவு கிரீன் யோசனையைத் தந்த அதே ஆலிஸ் டை, மறுபுறம் பெண்களுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். தாமே சிறந்த ஆட்டக்காரரான அவர், அமெரிக்கக் கோல்ஃப் வடிவமைப்பாளர் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். பின்னர் அதன் தலைவருமானார். பெண்களின் டீயை ஆண்களுடையதற்குச் சற்று முன்னால், மிச்சமிருந்த இடத்தில் போட்டுவிடுவது அன்றைய வழக்கம். பெண்களிலும் வலுவாக அடிப்பவர், மெதுவாக அடிப்பவர் என்று இருவகை உண்டு, ஆகவே அவர்களுக்கு இரண்டு டீக்கள் தேவை என்பது அவர் வாதம். ஒரு நீரோடையைத் தாண்ட 150 கெஜம் பறக்க வேண்டுமென்றால், அவ்வளவு தூரம் அடிக்க முடியாதவருக்கு அந்தக் குழியில் ஆட்டமே இல்லை. தந்திரமோ மாற்றுவழியோ அங்கு உதவாது.

2011-இல் அமெரிக்கக் கோல்ஃப் அமைப்புகள் இரண்டு சேர்ந்து, முன்னால் உள்ள டீயிலிருந்து ஆடுங்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கின. முதல் அடியில் 200 கெஜம் அடிப்பவர் மொத்தம் 5,200 முதல் 5,400 கெஜம் வரையிலான மைதானத்தில் ஆட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. விடுதிகளுக்கு வரும் ஆண்களில் பலர் 6,500 கெஜத்துக்கு மேற்பட்ட டீயைத் தேர்ந்தெடுப்பது வீண் கௌரவத்தால்தான். பலகையை முன்னால் நகர்த்துவது எளிது, மனிதரை நகர்த்துவதுதான் பெரும்பாடு.

பாண்டன் டியூன்ஸ் முதல் மம்மத் டியூன்ஸ் வரை

மைக் கைசர் சிகாகோவில் வாழ்த்து அட்டை விற்றுப் பணம் சேர்த்தவர். மறுசுழற்சித் தாளில் அட்டை அச்சிடும் நிறுவனத்தை நண்பரோடு தொடங்கி வளர்த்தார். 1991-இல் ஒரிகன் மாநிலக் கடற்கரையில், முட்புதர் மண்டிய 1,215 ஏக்கர் நிலத்தை வாங்கினார். பெரிய நகரம் எதுவும் அருகில் இல்லை. புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களை விட்டுவிட்டு, அப்போது இருபதுகளில் இருந்த, தனிப் பெயர் பெறாத டேவிட் மெக்லே கிட் என்ற ஸ்காட்லாந்து இளைஞரிடம் பணியை ஒப்படைத்தார். கிட்டின் தந்தை க்ளெனீகிள்ஸ் விடுதியில் மைதானப் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர்.

கைசர் தம் விருந்தினரைச் சில்லறை வாடிக்கையாளர் என்றார். சொந்தப் பணத்தில் விமானம் ஏறி வருபவர், சுமாராக ஆடுபவர், காற்றில் பந்தை ஓரளவே கட்டுப்படுத்தக் கூடியவர். அவருக்குப் பிடித்தால் மீண்டும் வருவார், ஊரில் பத்துப் பேரிடம் சொல்வார். அட்டைக் கடையில் கற்ற பாடத்தையே கைசர் புல்வெளியில் பயன்படுத்தினார் எனலாம். 1999 மே மாதம் திறந்த பாண்டன் டியூன்ஸில் வண்டிகள் இல்லை, நடந்தே ஆட வேண்டும். அகன்ற ஃபேர்வேக்கள், பந்து நீண்டு உருளும் ஃபெஸ்கியூ என்ற மெல்லிய புல், கடற்காற்று. அது பெருவெற்றி பெற்றது. கிட் ஒரே நாளில் புகழடைந்தார்.

அதன்பின் நடந்தது வடிவமைப்பு மாணவர்கள் பயில வேண்டிய பாடம். புகழ் வந்ததும், வல்லவர்களின் மதிப்பைப் பெறும் மைதானங்களை அமைக்கும் ஆசையும் கிட்டுக்கு வந்தது. 2008-இல் அவருடைய இரு பணிகள் திறக்கப்பட்டன. ஒன்று ஒரிகனின் பெண்ட் நகரில் உள்ள டெதரோ. மற்றது செயின்ட் ஆண்ட்ரூஸ் அருகே கடற்பாறை மேல் விளைநிலத்தில் எழுந்த காசில் மைதானம். இரண்டிலும் கிரீன்கள் மேடும் பள்ளமுமாக இருந்தன. காசிலில் ஃபேர்வேயின் நடுவிலேயே புல்மண்டிய குன்றுகள் நின்றன. நல்ல அடியும் அவற்றுக்குள் காணாமல் போனது. இயற்கைக் காட்சியை யாரும் குறை சொல்லவில்லை; ஆட்டத்தைக் குறை சொன்னார்கள். சக வடிவமைப்பாளர் டாம் டோக் தம் மைதான வழிகாட்டி நூலில் காசிலுக்குப் பூஜ்யம் கொடுத்தார். பின்னாட்களில் அந்தக் குன்றுகளும் கிரீன்களும் படிப்படியாகத் தணிக்கப்பட்டன. அகன்ற புல்லில் எவரும் ஆடலாம் என்ற பாடத்தை உலகுக்குத் தந்த ஊரிலேயே இது நடந்தது.

கிட் இதை மறைக்கவில்லை. தாம் வழி தவறியதைப் பின்னர் வெளிப்படையாகவே பேசினார். வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றை நோக்கிய பழத்தோட்டக்காரரின் மணல்நிலத்தில் 2014-இல் அவர் அமைத்த கேம்பிள் சேண்ட்ஸ், அந்த மனமாற்றத்தின் விளைவு. ஆபத்துகள் அங்கேயும் உண்டு. ஆனால் அவற்றைச் சுற்றிப் போக எப்போதும் இடம் இருக்கிறது. பல கிரீன்களின் ஓரச் சரிவுகள் பந்தை வெளியே தள்ளாமல் உள்ளே திருப்பிவிடுகின்றன. பக்கவாட்டில் தவறி விழுந்த பந்து உருண்டு துளையை நோக்கி வருவதைக் காணும் புதியவருக்கு, தாமே அப்படித் திட்டமிட்டு அடித்ததாக ஒரு மகிழ்ச்சி. மணலுக்குள் போன பந்தும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். அந்த ஆண்டின் சிறந்த புதிய மைதானமாகக் கோல்ஃப் டைஜஸ்ட் இதழ் இதைத் தேர்ந்தெடுத்தது.

கைசர் மீண்டும் கிட்டை அழைத்தார். விஸ்கான்சினில் காகிதத்துக்காக வளர்க்கப்பட்ட பைன் காட்டின் அடியில் பழங்கால மணல்மேடுகள் இருந்தன. அங்கே சேண்ட் வேலி விடுதியின் இரண்டாம் மைதானத்துக்காக நடந்த போட்டியில் டோக் முதலியோரின் திட்டங்களை முந்தி கிட்டின் திட்டம் தேர்வானது. 2018-இல் திறந்த மம்மத் டியூன்ஸின் ஃபேர்வேக்கள் சில இடங்களில் 100 கெஜத்தையும் தாண்டுபவை. இது எல்லை மீறிய எளிமை என்று குறைகூறுவோரும் உண்டு. குறைந்த எண்ணிக்கையில் முடிப்பதொன்றையே இலக்காகக் கொண்டவருக்கு அந்தக் குறை நியாயமானதே. ஆனால் அவரும் சரியான கோணத்தைத் தேடாமல் அடித்தால், நீண்ட கிரீனின் தொலைமூலையில் நின்று மூன்று முறை உருட்ட நேரும்.

அகலத்தின் செலவு

அகன்ற புல்லுக்கு நீரும் உரமும் ஆட்களும் கூடுதலாக வேண்டும். மணற்பாங்கான நிலத்தில், ஃபெஸ்கியூ வளரும் குளிர்ந்த தட்பவெப்பத்தில் அந்தச் செலவு தாங்கக் கூடியது. களிமண்ணிலும் பாலைவனத்திலும் அப்படியல்ல. வீட்டுமனைகளோடு பிறந்த மைதானங்களுக்கு அகலப்படுத்த இடமே கிடையாது. அத்தகைய இடங்களில் ரஃபைத் தாழ்வாக வெட்டுவது, ஃபேர்வேயின் தொடக்கத்தில் நல்ல ஆட்டக்காரரைத் தொடாமல் எளியவரை மட்டும் பிடிக்கும் பங்கர்களை மூடுவது, முன்னால் கூடுதல் டீக்கள் போடுவது, கிரீனின் முகப்பைத் திறந்துவிட்டுப் பந்து உருண்டு ஏற வழி செய்வது ஆகியவையே நடைமுறையில் செய்யப்படுகின்றன.

சிறிய மைதானங்கள் இன்னொரு வழி. பைன்ஹர்ஸ்டில் கில் ஹேன்ஸ் வடிவமைத்து 2017-இல் திறந்த தி கிரேடில் என்ற ஒன்பது குழி மைதானத்தின் மொத்த நீளம் 789 கெஜம் மட்டுமே. பேரனும் பாட்டியும் ஒன்றாக ஆடி முடிக்கலாம். பாண்டனிலோ 2020-இல் பில் கூரும் பென் கிரென்ஷாவும் கடற்பாறை விளிம்பில் அமைத்த ஷீப் ராஞ்ச் மைதானத்தில் மணல் பங்கர் ஒன்றுகூட இல்லை. அங்கு அடிக்கும் காற்றில் மணல் நிற்காது. பங்கர் இருந்திருக்க வேண்டிய இடங்களில் புல் படர்ந்த பள்ளங்கள் மட்டுமே இருக்கின்றன.